ஏலத்தோட்டத்து இருட்டுக்கு எட்டு சிப் டார்ச்சா, நாலு சிப்பா?

கம்பம், கூடலூர் கடைகளில் சார்ஜ் டார்ச் கேட்டால் பெரும்பாலும் 4 வோல்ட் லெட் ஆசிட் (ஈய-அமில) பேட்டரி போட்டதைத்தான் எடுத்துத் தருவார்கள். முதல் பத்து நிமிடம் கண் கூசும். ஆனால் மலிவானவற்றில் பேட்டரிக்கும் எல்இடிக்கும் நடுவே வெறும் ரெசிஸ்டர்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட்டரி 4.0 வோல்ட், எல்இடி பிடிப்பது 3.0, ரெசிஸ்டர் 2 ஓம் என்றால் 0.5 ஆம்ப் ஓடும். பேட்டரி 3.5க்கு இறங்கியதும் எல்இடி 2.9 பிடிக்கும், ஓடுவது 0.3 ஆம்ப். வோல்ட் எட்டில் ஒரு பங்கு குறைந்ததற்கு கரண்ட் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது! மெதுவாக மங்குவதால் கண்ணும் பழகிவிடும். குமுளி மேட்டில் யானை நிற்பது தெரிய வேண்டிய தூரம் சுருங்கியது நடப்பவருக்கே தெரியாது.

கான்வாய் எஸ்2 பிளஸ் என்ற கை டார்ச் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. ஒற்றை 18650 லித்தியம் செல், உள்ளே கரண்டைக் கட்டுப்படுத்தும் 7135 சிப் வைத்த டிரைவர் (எல்இடியை ஓட்டும் சர்க்யூட்). ஒரு சிப் 350 மில்லி ஆம்பைத் தாண்ட விடாது. எட்டு சிப் என்றால் 2.8 ஆம்ப், நாலு என்றால் 1.4.

எல்லோரும் எட்டைத்தான் கேட்கிறார்கள். மலைக்கு நாலு சிப்தான் சரி. 2.8 ஆம்ப் ஓட, இதில் வரும் எக்ஸ்எம்-எல்2 வகை எல்இடிக்கு ஏறக்குறைய 3.3 வோல்ட் வேண்டும், சிப்புக்கு 0.12 தனி. ஸ்பிரிங்கும் செல்லும் தின்பது போக, செல் 3.6க்கு வந்ததுமே வெளிச்சம் சரியத் தொடங்கும். குறைந்த மோடுக்கு மாற்றினாலும் முழுக்கத் தப்ப முடியாது. பிடபிள்யூஎம் முறையில், அதாவது வேகமாக அணைத்து எரிய வைத்து வெளிச்சத்தைக் குறைக்கும் முறையில், ஒவ்வொரு துடிப்பிலும் அதே 2.8 ஆம்ப்தான் ஓடுகிறது. புது செல்லில் மிஞ்சும் வோல்டேஜோ சிப்பில் 2 வாட் அளவுக்குச் சூடாகி வீணாகும். நாலு சிப்புக்கு 3.2 வோல்ட் போதும். 3000 மில்லி ஆம்ப்-அவர் செல்லில் இரண்டு மணி நேரம், கடைசிச் சில நிமிடங்கள் தவிர ஒரே வெளிச்சம். கரண்ட் பாதி என்றாலும் வெளிச்சம் பாதிக்கு மேலேயே இருக்கும், எல்இடி குறைந்த கரண்டில் சிக்கனமாக எரியும்.

வாங்கியதும் சோதித்துவிடுங்கள். வால் மூடியைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்புக்கு மாற்றி, ஒரு முனையை செல்லின் நெகட்டிவிலும் மறுமுனையை குழாயின் பெயின்ட் இல்லாத விளிம்பிலும் வையுங்கள். முழு சார்ஜிலும் சரி, 3.5 வோல்ட் செல்லிலும் சரி, 1.4க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். குறைந்தால் முதலில் மீட்டர் வயரைச் சந்தேகியுங்கள், மெல்லிய வயரே கொஞ்சம் தின்னும். பிறகு செல்லை. 9800 என்று அச்சடித்த 18650 போலி, 3500 வரை நம்பலாம்.

தென்மேற்குப் பருவமழையில் ஓரிரு மாதம் புழங்கிய டார்ச் மங்கினால் மூடியின் மரையையும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். அழுக்கு பிடித்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, ஸ்பிரிங்கின் அடியிலிருந்து நுனிவரை மெல்லிய செம்புக் கம்பி ஒன்றை சால்டர் செய்துவிடுங்கள்.