புறக்கடையில் ஓர் ஆயத்த வீடு: உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு மதிப்பீடு

உடுமலைப்பேட்டை நகராட்சி எல்லைக்குள் இருக்கும் எங்கள் வீட்டின் புறக்கடையில், வாடகைக்கு விடுவதற்காக, ஆலையில் பகுதிகளாகச் செய்து மனையில் பூட்டும் ஆயத்த வீடு ஒன்றை 400 சதுர அடியில் கோவை நிறுவனம் ஒன்றைக் கொண்டு அமைத்தோம். ஓர் அறை, சமையலறை, குளியலறை, முன்னால் சிறிய ஆசாரம், அதாவது முன்கூடம். ஒரு கோடை, ஓர் ஆடிக் காற்று, ஓர் ஐப்பசி மழை ஆகியவற்றை அந்த வீடு பார்த்துவிட்ட நிலையில் இதை எழுதுகிறேன். ஆலையில் செய்து வந்த பகுதிகள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் இத்தகைய வீட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது மனையில் செய்ய வேண்டிய வேலைதான்; அந்த வேலையோ நிறுவனத்தின் விலைப்பட்டியலில் இடம்பெறவே இல்லை.

துத்தநாகம் பூசிய எஃகுச் சட்டம், 50 மில்லிமீட்டர் பஃப் பேனல் (இரு தகடுகளுக்கு இடையே நுரை நிரப்பிய பலகை) சுவர், அதே பேனலில் கூரை என்பதே அமைப்பு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வழியே உள்ளே வரும் வெப்பத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் இந்தப் பேனல் வழியே வரும். பகல் முழுவதும் வெப்பத்தை வாங்கி வைத்து இரவில் அதை அறைக்குள் விடும் குணமும் இதற்கு இல்லை என்பதால், சித்திரை மாதத்திலும் பொழுது சாய்ந்து சன்னல்களைத் திறந்தவுடன் வீடு குளிர்ந்துவிடுகிறது. வெயில் நுழைவது சன்னல் வழியாகத்தான். நிறுவனம் கொடுத்த வரைபடத்தில் மேற்கே இருந்த பெரிய சன்னலை வடக்குக்கு மாற்றச் சொன்னோம். அவர்களும் தயங்காமல் மாற்றித் தந்தார்கள்.

அடித்தளம்தான் இதில் பெரிய விஷயம். எங்கள் மனை கரிசல் மண். நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் அந்த மண், கனமான கட்டடத்தைவிட எடை குறைந்த கட்டடத்தையே எளிதாகத் தூக்கிவிடும், ஏனெனில் அழுத்திப் பிடிக்கும் பாரம் மேலே இல்லை. "லேசான வீடுதானே, நான்கு அங்குலக் கான்கிரீட் தளம் போதும்" என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னதை எங்கள் கொத்தனார் ஏற்கவில்லை. கரிசலைத் தோண்டி எடுத்து, கிராவல் மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்கி, சுற்றிலும் கம்பி கட்டிய பெல்ட் பீம் போட்ட பிறகே பேஸ்மட்டம் எழுப்பினார். செலவு கணிசமாகக் கூடியது உண்மை. ஆனால் ஐப்பசி மழைக்குப் பிறகும் கதவுகள் பிடிக்காமல் மூடுகின்றன, டைல்ஸில் ஒரு விரிசலும் இல்லை. செம்மண் பூமியில் இருப்பவர்களுக்கு இத்தனை வேலை தேவைப்படாது.

அடுத்தது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி முதல் ஆவணி வரை வீசும் மேல்காற்றை நம்பித்தான் இந்த வட்டாரம் முழுவதும் காற்றாலைகள் நிற்கின்றன. எடை குறைந்த கூரையை அது கீழிருந்து நெம்பும். எஃகுச் சட்டத்தைப் பிடித்து வைக்கும் ஆங்கர் போல்ட்டுகளைக் கான்கிரீட்டுக்குள் எத்தனை அடிக்கு ஒன்றாக இறக்குகிறார்கள் என்பதை நேரில் நின்று பார்த்து வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் சட்டம் அசையவில்லை. ஆனால் கூரை ஓரத்தை மூடும் தகரப் பட்டை ஆடியிலேயே தளர்ந்து இரவெல்லாம் அடித்துக்கொண்டது. நிறுவனத்துக்குப் பலமுறை பேசியும் ஆள் வரத் தாமதமானது. வந்தவர் வேலையைச் சுத்தமாக முடித்தார் என்றாலும், விற்கும்போது காட்டிய அக்கறை பராமரிப்பில் இல்லை என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன்.

குடியிருப்பவரின் அன்றாடத்தைப் பேனல் வடிவமைப்பாளர்கள் போதுமான அளவு யோசிப்பதில்லை. இந்தச் சுவரில் ஆணி அடித்தால் நிற்காது. அலமாரி, கீசர், தொலைக்காட்சி, சாமி படம் எங்கே வரும் என்பதை முன்பே முடிவு செய்து, அந்த இடங்களில் பேனலுக்குப் பின்னால் எஃகுப் பட்டை வைக்கச் சொல்ல வேண்டும். பஃப் நுரை தீயில் நச்சுப் புகை விடும் என்பதால் அடுப்புப் பக்கச் சுவரைச் சிமெண்ட் ஃபைபர் போர்டும் எளிதில் தீப்பற்றாத ராக்வூல் எனும் கல் இழைப் பஞ்சும் கொண்டு அமைத்தோம். குளியலறையைச் செங்கல்லில் கட்டினோம். பேனலின் ஓரம் திறந்திருந்தால் எலி நுரையைக் குடைந்து குடியேறிவிடும், ஆகவே எல்லா ஓரங்களையும் தகரச் சேனலால் மூடச் செய்வது அவசியம்.

சூழலுக்கு உகந்தது என்ற விளம்பரத்தில் பாதியை நான் ஏற்கிறேன். நாள்தோறும் சுவருக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, எம்-சாண்டும் சிமெண்டும் அடித்தளத்தோடு முடிந்துவிட்டன, போல்ட்டைக் கழற்றினால் எஃகை வேறிடத்தில் பயன்படுத்தலாம். போர் தண்ணீர் கோடைக்குக் கோடை கீழே போகும் ஊரில் இவை சிறிய நன்மைகள் அல்ல. ஆனால் பஃப் என்பது பெட்ரோலியத்திலிருந்து வரும் நுரை. அது மக்காது, மறுசுழற்சிக்கும் எளிதில் ஆகாது. அதைப் பசுமை என்று சொல்வது சரியல்ல. மழைநீர்த் தொட்டியும் கூரை மீது சூரியத் தகடும் சேர்த்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் வரும். பிரதம மந்திரி சூரிய கர் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000 ரூபாயும் மானியம் உண்டு. தகட்டின் பாரத்தைத் தாங்கும்படி கூரைச் சட்டத்தை ஆலையிலேயே வலுப்படுத்தச் சொல்வது நல்லது.

இனி கணக்கு. சதுர அடி 1,650 ரூபாய் என்ற வகையில் நிறுவனத்துக்கு 6,60,000 ரூபாய். அடித்தளம், குளியலறை, செப்டிக் டேங்க், மின் இணைப்பு, வடிகால் எல்லாம் சேர்ந்து மேலும் 2,40,000. ஆக 9 லட்சம். காற்றாலைப் பராமரிப்பில் பணிபுரியும் ஒருவர் குடும்பத்துடன் மாதம் 7,500 ரூபாய்க்கு இருக்கிறார், ஆண்டுக்கு 90,000. வீடு காலியாகும் மாதங்களையும் பராமரிப்பையும் கழித்தால் எட்டு விழுக்காடு நிற்கும் என்று நம்புகிறேன். கழற்றி மாட்டும் வீட்டுக்கு அனுமதி தேவையில்லை என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். கான்கிரீட்டில் நிலைத்து நிற்கும் வீட்டுக்கு நகராட்சி அனுமதியும் சொத்து வரியும் உண்டு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்ய வேண்டும்; ஒப்பந்தத்தில் இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. பத்து மாத அட்வான்ஸை நம்பிச் செலவைத் திட்டமிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மனை வேலையைத் தனியாக ஒரு நல்ல கொத்தனாரிடம் ஒப்படைக்க முடிந்தவர்களுக்கு இந்த வீட்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒப்பந்தம் போடும்போது கடைசித் தவணையில் பத்து விழுக்காட்டை நிறுத்திவைத்து, முதல் ஆடிக் காற்று கடந்த பிறகு கூரை ஓரங்களைச் சரிபார்த்துக் கொடுப்பதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.