நங்கநல்லூரில் 63 வயதில் ஒரு எச்.பி.வி. பரிசோதனை

என் மூத்த ஓரகத்திக்குப் போன வருடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. அவருக்கு வயது 67. மாதவிடாய் நின்று 15 வருடம் கழித்துப் பாவாடையில் லேசான கறை. உடம்புச் சூடு என்று ஊறவைத்த வெந்தயத்தையும் மோரையும் குடித்தே நான்கு மாதத்தை ஓட்டிவிட்டார். கதிர்வீச்சு முடிந்து இப்போதுதான் தேறி வருகிறார்.

அந்தப் பயத்தில்தான் நானும் கிளம்பினேன். முதலில் போன இடத்தில், "உங்கள் வயதுக்கு இதெல்லாம் தேவையில்லை" என்று கால்சியம் மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வாழ்நாளில் ஒருமுறைகூடப் பரிசோதித்துக்கொள்ளாதவளிடம் சொல்லும் பதிலா அது? இன்னும் மனம் ஆறவில்லை.

அடுத்துப் போன இந்த நங்கநல்லூர் கிளினிக்கில் டாக்டரம்மா முதலில் கேட்டதே, "இதற்கு முன் எப்போது பார்த்தீர்கள்?" என்றுதான். பார்த்ததே இல்லை என்றதும் பேனாவை வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். என் கணவர் தவறி ஒன்பது வருடம் ஆகிறது, இனி எனக்கு எப்படி வரும் என்று கேட்டேன். இந்தப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. என்ற வைரஸ் தாம்பத்தியத்தில் யாருக்கும் தொற்றக்கூடியது, இதில் ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை என்றார். பெரும்பாலோருக்கு இரண்டு வருடத்துக்குள் தானாகப் போய்விடுமாம். போகாமல் தங்கிவிட்டால் புற்றாக மாறுவதற்கு 15, 20 வருடம்கூட ஆகலாம். இளமையில் தொற்றியது அறுபதில் தலைகாட்டுவது அதனால்தான்.

முகாம்களில் வினிகர் போன்ற ஒன்றைத் தடவிப் பார்க்கிறார்களே, அது போதாதா என்றேன். காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். மாதவிடாய் நின்ற பிறகு, புற்று தொடங்கும் பகுதி பெரும்பாலும் உள்பக்கம் ஒடுங்கிவிடுகிறது. கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். அதனால் என் வயதுக்கு வைரஸையே தேடும் எச்.பி.வி. பரிசோதனைதான் நல்லது. கர்ப்பப்பையின் உட்சுவரில் வரும் புற்றும் சினைப்பைப் புற்றும் இந்த வைரஸால் வருபவை அல்ல, எனவே முடிவு நன்றாக இருந்தாலும் ஒரு சொட்டு ரத்தம் பட்டால்கூட உடனே வந்துவிட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

செவிலியரை எப்படிப் பாராட்டுவது என்றே தெரியவில்லை. உள்ளே விரித்துப் பார்க்கும் கருவியான ஸ்பெகுலத்தில் இருப்பதிலேயே சிறியதை எடுத்து, வெந்நீரில் நனைத்து, என் தொடையில் ஒரு கணம் வைத்து, "சூடு பரவாயில்லையா அம்மா?" என்று கேட்டார். இந்த வயது வறட்சிக்கு வலி உயிர்போகும் என்று பயந்திருந்தேன். ஒரு சின்ன பிரஷ் உள்ளே சுழன்றது தெரிந்தது, அவ்வளவுதான். அதைக் குப்பியில் இருந்த திரவத்தில் போட்டு, என் பெயர் எழுதிய சீட்டை நான் படித்துச் சரி என்ற பிறகே ஒட்டினார்.

ரிசப்ஷனில் இருக்கும் பெண்தான், என்ன பரிசோதனை என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி விசாரித்தார். கூச்சத்தோடு வரும் பெண்கள் அந்த இடத்திலேயே திரும்பிப் போய்விடுவார்கள். இதைக் கட்டாயம் மாற்ற வேண்டும். கட்டணம் 1,800 ரூபாய். ஆறாம் நாள் முடிவு வந்தது, வைரஸ் இல்லை. ஐந்து வருடம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வரும் புதன்கிழமை என் நாத்தனாரை அழைத்துப் போகிறேன். பத்து மணிக்கு முன் போனால் கூட்டம் இருக்காது. லிப்ட் கிடையாது, ஆனால் மாடிப்படியில் இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்கிறது.