கெய்சருக்கு டைமர் போட்டு மூன்று வருடம்

அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "உங்க வீட்ல கெய்சர், வாஷிங் மெஷின் எல்லாமே ராத்திரிதானே ஓடுது? பில் குறைஞ்சுதா?" அவர் கம்பெனிக்கு உயர் அழுத்த இணைப்பு, பெரிய தொழிற்சாலைகளுக்குக் கொடுப்பது. இரவு 10 மணியிலிருந்து காலை 5 வரை ஓட்டினால் 5 சதவீதம் சலுகை, காலையும் மாலையும் உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல். அதே கணக்கு வீட்டுக்கும் உண்டென்று நம்பிக் கேட்டார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன்.

என்னை நம்ப வைத்தது அக்கா. இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறாள். அவள் வீட்டில் எகானமி 7 என்ற கட்டணத் திட்டம், 1978இல் அங்கே வந்தது. இரவில் ஏழு மணி நேரம் கரண்ட் மலிவு. மீட்டரில் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று இரண்டு ரீடிங். சுவரோரம் பெட்டி மாதிரி ஹீட்டர் வைத்திருக்கிறாள், உள்ளே கனமான செங்கற்கள். ராத்திரி முழுக்க அவை சூடேறும், பகலில் அந்தச் சூட்டை மெல்ல வெளியே விடும். சாயங்காலம் ஏழு மணிக்கெல்லாம் கல் ஆறிவிடும், அப்புறம் கம்பளிதான் என்பாள். பகல் ரேட் மற்றவர்களுடையதை விட அதிகம் என்பதால் துணி துவைப்பதிலிருந்து எல்லாவற்றையும் நடுராத்திரிக்குத் தள்ளி வைத்துப் பழகியிருக்கிறாள்.

2022 டிசம்பரில் அவள் சென்னைக்கு வந்தபோது எங்கள் பில்லைப் பார்த்தாள். செப்டம்பரில் விலை ஏறியபின் வந்த பில் அது. 507 யூனிட், 2,006 ரூபாய். அம்மா நாலரை மணிக்கே குளிக்கிறவர் என்பதால் 25 லிட்டர் கெய்சரை இரவு பத்து மணிக்குப் போட்டு அப்படியே விட்டுவிடுவோம். "டைமர் போடுடா, எல்லாத்தையும் ராத்திரிக்கு மாத்து" என்று சொல்லி அவளே வாங்கியும் கொடுத்தாள். 16 ஆம்பியர் பிளக்கில் செருகும் டைமர். வட்டமான டயல், சுற்றிலும் கால் மணிக்கு ஒன்றாகக் குட்டிக் குட்டிப் பற்கள். நாலு மணிக்கு ஆன், நாலரைக்கு ஆஃப்.

அடுத்த பில் 486 யூனிட், 1,641 ரூபாய். 365 ரூபாய் குறைந்ததும் வீடே கொண்டாடியது. ராத்திரி கரண்ட் மலிவுதான் என்று நானும் இரண்டு பேருக்குச் சொல்லி வைத்தேன். அந்த இரண்டு பேரிடமும் பிறகு திருத்திச் சொல்லிவிட்டேன்.

ஏனென்றால் நம் வீட்டு மீட்டருக்கு மணி தெரியாது. மத்தியானம் ஓடிய யூனிட்டும் நடுராத்திரி ஓடிய யூனிட்டும் ஒரே கணக்கில்தான் விழும். எங்கள் பில்லைக் குறைத்தவை வேறு இரண்டு. ஒன்று, கெய்சர் தொட்டியில் ஆறுகிற சூடு. பிளக்கில் செருகும் யூனிட் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தேன். தண்ணீரைச் சூடாக்க ஒரு யூனிட். அது சரி, டைமர் போட்டாலும் அந்த ஒரு யூனிட் ஆகத்தான் செய்யும். ஆனால் யாரும் தொடாமல் விடியும்வரை சூடாக வைத்திருக்க மட்டும் 0.3 யூனிட் போனது. இரண்டு மாதத்துக்கு 18 யூனிட்.

இரண்டாவது, ஸ்லாப், அதாவது எத்தனை யூனிட் ஓடியது என்பதைப் பார்த்து மாறும் விலைப் படி. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். 2022 கணக்கில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஆனால் 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், தாண்டினால் அதே யூனிட்டுகளுக்கு 4.50. ஏழு யூனிட் கூடிப்போனதற்காக ஒரு குடும்பம் இப்படிக் கொடுக்க வேண்டுமா? அதிகம் செலவழிப்பவர் அதிகம் கட்டட்டும், முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம் என்பதையும் மறக்கவில்லை. ஆனால் இப்படி ஒரே படியில் தடுக்கி விழ வைப்பது நியாயமில்லை. அதற்கப்புறம் 2024 ஜூலையிலும் விலை ஏறியது.

வாஷிங் மெஷினை ராத்திரி ஓட்டியது இரண்டே மாதம். பதினொரு மணிக்கு அது பிழியும் சத்தம் கீழ்வீட்டுத் தாத்தாவின் கட்டில் வரை போகிறது என்று தெரிந்ததும் எனக்கே மனம் ஒப்பவில்லை. விடியும்வரை டிரம்மிலேயே கிடந்த ஈரத்துணி நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஒருவித வாடை வேறு அடிக்கும். இப்போது பகலில் துவைத்து மொட்டைமாடி வெயிலில்தான் காய்கிறது.

சொல்லப்போனால் இனிமேல் பகல்தான் மலிவாகப் போகிறது. அக்கா ஊரில் அந்தக் காலத்தில் ராத்திரி மின்சாரம் மிஞ்சியது, நிலக்கரி, அணு உலைகளைப் பத்து மணிக்கு நிறுத்திக் காலையில் கிளப்ப முடியாது. நம் பக்கம் இப்போது மிஞ்சுவது நடுப்பகல் சோலார். 2023 ஜூனில் மத்திய அரசு அறிவித்த நேரவாரிக் கட்டண விதியே அப்படித்தான்: சூரிய ஒளி நேரத்தில் 10 முதல் 20 சதவீதம் குறைவு, உச்ச நேரத்தில் அதே அளவு கூடுதல். எந்த மணிக்கு எவ்வளவு ஓடியது என்று கணக்கு வைக்கும் ஸ்மார்ட் மீட்டர் வந்தால்தான் வீடுகளுக்கு அது நடக்கும். அன்றைக்கு ராத்திரி டைமர் வைத்திருப்பவருக்கு ஒரு லாபமும் இருக்காது.

ராத்திரிக்கு ஒரு நல்லது உண்டு, வோல்டேஜ். மே மாதச் சாயங்காலம் எங்கள் தெருவில் ஸ்டெபிலைசர் 195 காட்டும். அரை மணியில் சூடாகிற தண்ணீர் அப்போது நாற்பது நிமிடம் இழுக்கும். விடிகாலை நாலு மணிக்கு 230-க்குக் குறையாது. ஆனால் மே மாதத்தில் கெய்சர் யாருக்கு வேண்டும்? மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கிறது.

டைமரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உள்ளே பேட்டரி இல்லை. கரண்ட் போனால் டயலும் நின்றுவிடும், வந்ததும் நின்ற இடத்திலிருந்து சுற்றும். பத்து நிமிடம் கரண்ட் போனால் பத்து நிமிடம் பின்தங்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை ஸ்டூல் போட்டு ஏறித் திருப்ப வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்களுக்கு 39 மணி நேரம் கரண்ட் இல்லை. வந்தபின் இருந்த வேலையில் டைமரை யார் நினைத்தார்கள்? கெய்சர் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு எரிந்திருக்கிறது. விடிகாலையில் அம்மாவுக்குக் கிடைத்தது வெதுவெதுப்பான தண்ணீர். நான்கு நாள் அதிலேயே குளித்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரிந்த அன்று அந்த டைமரைக் கழற்றி எறியத்தான் போனேன்.

அம்மாதான் தடுத்தார். முன்பெல்லாம் சில நாள் நாங்கள் போட்டதுமே கெய்சரை அணைத்துவிடுவார், கரண்ட் வீணாகிறதே என்று. மார்கழியிலும் பச்சைத் தண்ணீர்தான். இப்போது நாலு மணிக்கு டைமரில் 'டிக்' என்று ஒரு சத்தம், குளியலறைக் கதவின் கீழே சிவப்பு வெளிச்சம். அது அணைந்ததும் சுடச்சுடக் குளித்துவிட்டு, தலையில் துண்டோடு கோலம் போட இறங்குகிறார். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூடக் கரண்ட் வீணாகிறது என்று அவர் சொல்லிக் கேட்கவில்லை.

டைமர் வாங்காதீர்கள் என்றுதான் நண்பரிடம் சொன்னேன். பில் குறைய வேண்டுமென்றால் குளிப்பதற்கு அரை மணி முன்பு சுவிட்சைப் போட்டு, குளிக்கப் போகும்போது அணைத்தால் போதும், ஒரு ரூபாய் செலவில்லை. ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரீஷியன் எங்கள் வீட்டுக்கு வருகிறார். பேட்டரி உள்ள டைமராக வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.