பொறந்த கொழந்தைக்கு இன்சூரன்ஸ்: ஆபீஸ் குரூப் பாலிசி எங்களுக்கு எப்படி இருந்துச்சு

வீட்ல கொழந்தை எதிர்பாக்கறவங்க யாரா இருந்தாலும் சரி, வெளிய புது பாலிசி தேடறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல குடுத்திருக்கற குரூப் மெடிக்கல் பாலிசிய எடுத்து படிங்க. நாங்க ரெண்டு பக்கமும் விசாரிச்சுட்டோம், பொறந்த அன்னைக்கே பாப்பாவுக்கு கவர் குடுத்தது ஆபீஸ் பாலிசி மட்டும்தான்.

வெளிய விக்கற பாலிசில என்ன பிரச்சனைன்னா, மெட்டர்னிட்டி கவர் இருந்தாலும் பெரும்பாலும் ரெண்டு வருசம், மூணு வருசம்னு வெயிட்டிங் பீரியட் வெச்சிருப்பாங்க, அதனால மாசமா இருக்கும்போது போய் எடுத்தா அந்த பிரசவத்துக்கு அது உதவாது. மெட்டர்னிட்டி இல்லாத சாதாரண ஃபேமிலி ஃப்ளோட்டர்னா (குடும்பத்துக்கே சேத்து எடுக்கற ஒரே பாலிசி) கொழந்தைய பொதுவா 91வது நாள்லேருந்துதான் சேத்துக்குவாங்க. ஆனா மஞ்சக்காமாலை, எடை கம்மி, மூச்சு வாங்கறதுன்னு என்ஐசியுல (பச்ச கொழந்தைங்களுக்கான தீவிர சிகிச்சை வார்டு) வெக்கற மாதிரி வர்றதெல்லாம் பொறந்த முதல் வாரத்துலதானே வருது, கவர் ரொம்ப தேவைப்படற அந்த நாள்லதான் அது இல்ல. இத ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, ஒரு இடத்துல ஃபோன் பண்ணி கேட்டப்போ "ஃபேமிலி ஃப்ளோட்டர் எடுத்துட்டா பொறக்கற கொழந்தை தானா சேந்துடும் சார்"னு ரொம்ப தைரியமா சொன்னாங்க, என் வைஃப் உடனே அந்த கண்டிஷன் பாலிசில எந்த பக்கத்துல இருக்குன்னு மெயில்ல அனுப்புங்கன்னு கேட்டா, அதுக்கப்பறம் அவங்ககிட்டேருந்து பதிலே வரல. வாயால சொல்றத நம்பி பணம் கட்டாதீங்க, எழுத்துல வாங்குங்க.

இப்ப ஆபீஸ் பாலிசிக்கு வர்றேன். எங்களுதுல மெட்டர்னிட்டிக்கு வெயிட்டிங் பீரியட் கெடையாது, நெறைய கம்பெனில அப்படித்தான். ஆனா ஹெச்ஆர்கிட்ட கேக்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒண்ணு இருக்கு: பாப்பாவோட ஆஸ்பத்திரி செலவு மெட்டர்னிட்டி லிமிட்டுக்குள்ள வருமா, இல்ல மொத்த ஃபேமிலி சம் இன்சூர்டுலேருந்து (பாலிசில வருசத்துக்கு கெடைக்கற மொத்த தொகை) வருமா? மெட்டர்னிட்டி லிமிட் பல எடத்துல ஐம்பதாயிரம், எழுபத்தஞ்சாயிரம்தான் இருக்கும், சிசேரியன் ஆனாலே அது காலி, அப்பறம் கொழந்தைய என்ஐசியுல வெச்சா பில் முழுக்க நம்ம கைலேருந்துதான். எங்களுக்கு தனியா, மொத்த சம் இன்சூர்டுலேருந்துன்னு இருந்துச்சு, அத மெயில்ல வாங்கி வெச்சுக்கிட்டதுக்கு அப்பறம்தான் நிம்மதி.

பாப்பாவுக்கு மஞ்சக்காமாலைன்னு லைட்ல வெச்சாங்க. கண்ண மறைச்சு துணி கட்டி, டயப்பர் மட்டும் போட்டு நீல வெளிச்சத்துக்கு அடில படுக்க வெச்சிருந்தாங்க, பாக்கவே மனசு தாங்கல. அந்த நேரத்துல ஃபார்ம் தேடி அலையாம இருந்தது பெரிய விசயம். பேர் வெக்கலன்னாலும் கவலப்பட வேண்டாம், "பேபி ஆஃப்"னு அம்மா பேரோட போட்டு, பொறந்த தேதி, ஆணா பொண்ணா, இது போதும்னு அன்னைக்கே போர்ட்டல்ல சேத்துட்டாங்க. நெறைய குரூப் பாலிசில 30 நாளுக்குள்ள சேக்கணும்னு கண்டிஷன் இருக்கும், அத தள்ளி போடாதீங்க. பர்த் சர்டிபிகேட்ல பேர 12 மாசத்துக்குள்ள ஃபீஸ் இல்லாமலே சேத்துக்கலாம், இன்சூரன்ஸ்ல அப்பறமா மாத்திக்கலாம்.

கொறைன்னு பாத்தா டிஸ்சார்ஜ் அன்னைக்கு டிபிஏ, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிக்காக க்ளெய்ம் பாக்கற ஏஜென்சி, பண்ண லேட். இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்கற ஐஆர்டிஏஐ 2024 மே மாசம் போட்ட சர்க்குலர்படி, கேஷ்லெஸ் (நாம கட்டாம கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு கட்டறது) கேட்டா ஒரு மணி நேரத்துக்குள்ள முடிவு சொல்லணும், டிஸ்சார்ஜ் அப்ரூவல் மூணு மணி நேரத்துக்குள்ள வரணும், அதுக்கு மேல லேட்டாகி ஆஸ்பத்திரி எக்ஸ்ட்ரா சார்ஜ் போட்டா அத இன்சூரன்ஸ் கம்பெனிதான் ஏத்துக்கணும். பச்ச ஒடம்புக்காரிய பில்லிங் கவுன்ட்டர் பக்கத்துல உக்கார வெச்சு காக்க வெச்சது எனக்கு இன்னும் கோவம்தான். இந்த ரூல சொல்லி கேட்டதுக்கு அப்பறம் வேலை நடந்துச்சு, அதனால நீங்களும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. அதுக்கும் அசையலன்னா ஐஆர்டிஏஐயோட பீமா பரோசா போர்ட்டல்ல கம்ப்ளைன்ட் போடலாம், அப்பறம் புகார விசாரிச்சு தீத்து வெக்கற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்காங்க, சென்னைல ஆபீஸ் இருக்கு, காசு எதுவும் கட்ட வேண்டாம்.

பில்லுல கட் ஆனது கையுறை, டயப்பர் மாதிரி ஐட்டம், அது பெரும்பாலான பாலிசில கட் ஆகும். ரூம் வாடக லிமிட்ட மட்டும் முன்னாடியே பாருங்க, லிமிட்டுக்கு மேல ரூம் எடுத்தா வாடக வித்தியாசத்தோட நிக்காது, டாக்டர் ஃபீஸ் மாதிரி மத்த சார்ஜையும் அதே விகிதத்துல கொறைப்பாங்க. தடுப்பூசி எங்களுதுல கவர் இல்ல, ஆனா அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல பிசிஜி, போலியோ எல்லாம் இலவசமாவே போடறாங்க, நல்லாவும் பாத்துக்கறாங்க.

ஆபீஸ் பாலிசி இல்லாதவங்க பயந்துடாதீங்க. வருச வருமானம் 1,20,000க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு, கார்ட பிரசவத்துக்கு முன்னாடியே எடுத்து வெச்சுக்கோங்க. கார்டே இல்லன்னாலும் அரசு ஆஸ்பத்திரில ஒடம்பு முடியாத பச்ச கொழந்தைக்கு வைத்தியம் இலவசம், 2011ல வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்துல அது இருக்கு.

ஒண்ணே ஒண்ணு, வேலைய விட்டா குரூப் கவரும் போயிடும். அதனால 91 நாள் தாண்டினதும் நாங்க எங்க சொந்த ஃபேமிலி ஃப்ளோட்டர்லயும் பாப்பாவ சேத்தாச்சு. 2025 செப்டம்பர் 22லேருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்ல, முன்னாடி 18 பர்சென்ட் இருந்துச்சு. சில கம்பெனில ரினீவல் அப்பதான் சேப்பாங்களாம், அதனால உங்க ரினீவல் தேதி எப்பன்னு இப்பவே பாத்து வெச்சுக்கோங்க.