லிபியா கான்வாய்களைத் தேட: ரோமா, கியூவா, ஃப்ரைபுர்க்கா?

இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன் தளபதி ரொம்மெலின் படைக்குப் பெட்ரோலும் குண்டும் சுமந்து, போர்க்கப்பல் காவலோடு கூட்டமாகப் போன கான்வாய்களைப் பற்றித் தேட ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் பக்கமிருந்துதான் நுழைகிறார்கள். மொழி காரணம். நானும் அப்படித்தான் நுழைந்தேன். அது தப்பான கதவு இல்லை, ஆனால் முதல் கதவு அதுவல்ல என்பது என் கட்சி.

முட்டி மோத வேண்டிய இடங்கள் மூன்று. ரோமில் உள்ள இத்தாலியக் கடற்படையின் வரலாற்று அலுவலகம், லண்டனில் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம், ஃப்ரைபுர்க்கில் உள்ள ஜெர்மன் ராணுவ ஆவணக் காப்பகம். பொதுவாகப் பேசினால் மூன்றும் நல்லவைதான். ஒரே ஓர் இரவை எடுத்துக்கொண்டு மூன்றிலும் கேட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

1941 நவம்பர் 8 இரவு. நேப்பிள்ஸிலிருந்து புறப்பட்ட ஏழு வணிகக் கப்பல்கள் லிபியாவின் திரிப்போலி நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. பக்கத்திலேயே ஆறு டெஸ்ட்ராயர்கள். சற்றுத் தள்ளி டிரெண்டோ, டிரியெஸ்டே என்ற இரண்டு கனரக குரூசர்களும் இன்னும் நான்கு டெஸ்ட்ராயர்களும். நள்ளிரவு தாண்டியதும் மால்டாவிலிருந்து வந்த ஃபோர்ஸ் கே என்ற பிரிட்டிஷ் அணி பாய்ந்தது: அரோரா, பெனலோப் என்ற இரண்டு இலகுரக குரூசர்கள், லான்ஸ், லைவ்லி என்ற இரண்டு டெஸ்ட்ராயர்கள். விடிவதற்குள் ஏழு வணிகக் கப்பல்களும் ஒன்று மிச்சமில்லாமல் போய்விட்டன. கூடவே ஃபுல்மினே என்ற டெஸ்ட்ராயரும் மூழ்கியது. பிரிட்டிஷ் தரப்பில் ஒரு கப்பல்கூடப் போகவில்லை.

இங்கேயே ஒரு பெயர்ச் சிக்கல். இத்தாலியர்களுக்கு இது ‘பீட்டா’ கான்வாய். ஆங்கிலத்தில் அதிலிருந்த பெரிய ஜெர்மன் கப்பலின் பெயரால் டூயிஸ்புர்க் கான்வாய் என்பார்கள். ஒரு பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதிதான் கிடைக்கும்.

சரி, முதலில் கியூ. அரோராவின் கேப்டன் ஆக்னியூவின் அறிக்கை மாதிரியான காகிதங்கள் சுடச்சுட எழுதப்பட்டவை, படிக்க விறுவிறுப்பானவை. எந்தப் பக்கமிருந்து நெருங்கினார்கள், எப்போது சுட ஆரம்பித்தார்கள் என்பதற்கு இவற்றை மிஞ்ச ஆளில்லை. ஆனால் இருட்டில் எரிகிற கப்பலைச் சுட்டவன் அதன் பெயரைப் படிப்பதில்லை. எத்தனை மூழ்கின என்ற எண்ணிக்கையும் அப்படித்தான். நீர்மூழ்கி அறிக்கைகளில் இது இன்னும் மோசம்: டார்பிடோவை விட்டுவிட்டு ஆழத்துக்குப் போனவர், குறித்த நேரத்தில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் ‘பட்டது’ என்று எழுதிவிடுவார். பொய் இல்லை, மேலே வந்து பார்க்க வழியில்லை.

கியூவின் உண்மையான சொத்து வேறு. இத்தாலியக் கடற்படை பயன்படுத்திய சி-38எம் என்ற ஹேகலின் நிறுவனச் சங்கேத இயந்திரத்தை, பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் இருந்தவர்கள் 1941 கோடையில் உடைத்துவிட்டார்கள். அதன் பிறகு எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், எந்நேரம், எந்த வழி என்பதெல்லாம் பல தடவை முன்கூட்டியே மால்டாவுக்குப் போய்ச் சேர்ந்தது. சந்தேகம் வராமலிருக்க, தாக்குவதற்கு முன் ஒரு வேவு விமானத்தை அனுப்பி, எதிரியின் கண்ணில் படும்படி பறக்கவிடுவார்கள். டெஃபே 3 என்ற வரிசையில் இந்தச் செய்திகளின் ஆங்கிலத் தட்டச்சுப் பிரதிகள் இருக்கின்றன.

புதிதாக வருபவர் சறுக்குவதும் இங்கேதான். ‘இன்ன கப்பல் நாளை மாலை புறப்படும்’ என்று தாளில் இருந்தால் அது திட்டம், நடப்பு இல்லை. எரிபொருள் வரவில்லை, காவல் கப்பல் பழுது, வானிலை சரியில்லை என்று ஏதாவது ஒன்றால் பயணம் தள்ளிப்போயிருக்கும். அதை நடந்ததாக எடுத்துக்கொண்டு நானே ஒரு கப்பலைத் துறைமுகத்தைவிட்டு நகராமலே ஒரு தடவை கடலைக் கடக்க வைத்திருக்கிறேன்.

இப்போது ரோம். அதே இரவு, எதிர்ப்பக்கக் கண். யூரோ என்ற டெஸ்ட்ராயர் டார்பிடோ விடும் தூரத்துக்கு நெருங்கிவிட்டது. ஆனால் எதிரே தெரிந்தவை தங்கள் பக்கக் குரூசர்களாக இருக்குமோ என்ற குழப்பத்தில் விடவில்லை. டிரெண்டோவும் டிரியெஸ்டேயும் இருநூறுக்கும் மேற்பட்ட பெரிய குண்டுகளைச் சுட்டும் ஒன்றுகூடப் படவில்லை. ரேடார் பிரிட்டிஷ்காரர்களிடம்தான் இருந்தது. மறுநாள், தப்பியவர்களைத் தூக்கிக்கொண்டிருந்த லிபெச்சியோ டெஸ்ட்ராயரை அப்ஹோல்டர் நீர்மூழ்கி அடித்தது. இந்த வகை விவரம், ஒவ்வொரு கப்பலும் எப்போது எப்படிப் போனது என்ற கணக்கு, இத்தாலியர்களிடம்தான் முழுதாக இருக்கிறது. கப்பல் அவர்களுடையது, இழப்பும் அவர்களுடையது. இல்லாத கப்பலை இழந்ததாக எழுத யாருக்கும் ஆசை இருக்காது.

மொத்தக் கணக்கும் அங்கேதான். 1940 ஜூன் முதல் 1943 ஜனவரி வரை லிபியாவுக்கு ஏற்றிய சரக்கு சுமார் 22.4 லட்சம் டன், போய்ச் சேர்ந்தது 19.3 லட்சம் டன். அதாவது நூற்றுக்கு 86. மத்தியதரைக் கடல் இத்தாலியக் கப்பல்களின் கல்லறை என்ற படத்தோடு வருபவருக்கு இது கன்னத்தில் விழும் ஓர் அறை. ஆனால் மாதவாரியாகப் பிரித்தால் வேறு கதை வருகிறது: 1941 நவம்பரில் ஏற்றியது சுமார் 79,000 டன், சேர்ந்தது 30,000க்கும் குறைவு.

ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நம் மொழியில் எல்லாமே ‘டன்’. மூழ்கிய கப்பல்கள் இத்தனை ஆயிரம் டன் என்பது மொத்தப் பதிவு டன். அது எடையே இல்லை, கப்பலின் உள் கொள்ளளவு, நூறு கன அடி ஒரு டன். அந்த இரவில் போன ஏழு கப்பல்கள் சேர்ந்து சுமார் 39,000 பதிவு டன். அதில் இருந்த எரிபொருள் சுமார் 17,000 டன் என்பது எடை. இரண்டையும் கூட்டிக் கழித்து விடை சொல்லும் கட்டுரைகள் நிறைய உண்டு.

ரோமின் குறை, ‘ஏன்’ என்ற கேள்விக்கு அந்த அலுவலகத்தின் அதிகாரபூர்வ வரலாற்றுத் தொகுதிகள் தரும் பதில். பல தொகுதிகள் 1950களிலும் 60களிலும் எழுதப்பட்டவை. சங்கேதம் உடைந்த கதை 1974இல்தான் வெளியே வந்தது. அதனால் தோல்விக்கு விமானமும் ரேடாரும் காரணமாக நிற்கின்றன. நாட்டில் பலர் கடற்படைத் தலைமையில் துரோகிகள் இருந்ததாகவே நம்பினார்கள். பிரிட்டிஷ் அதிகாரபூர்வ வரலாறும் அந்தக் காலத்தில் அதே மௌனத்தில்தான் எழுதப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. 1974க்கு முன் வந்த எதையும், எந்த மொழியானாலும், நடந்தது என்ன என்பதற்குப் படிக்கலாம், ஏன் நடந்தது என்பதற்கு வேண்டாம்.

ஃப்ரைபுர்க் பற்றி நீட்டத் தேவையில்லை. 1945இல் ஜெர்மனியின் தம்பாக் கோட்டையில் பிடிபட்ட ஜெர்மன் கடற்படைக் காகிதங்கள் லண்டன் போய், பிறகு ஜெர்மனிக்குத் திரும்பின. கடற்போர்த் தலைமையகத்தின் போர் நாட்குறிப்புக்கு அமெரிக்கக் கடற்படை செய்த ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கிறது, அதனால் ஜெர்மன் தெரியாதவருக்கும் கை கொடுக்கும். ஆனால் அந்த இரவின் ஏழு கப்பல்களில் டூயிஸ்புர்க், சான் மார்கோ இரண்டுதான் ஜெர்மன் கப்பல்கள். மற்றவற்றை இந்த நாட்குறிப்பு ஒரு கூட்டாளியின் எரிச்சலோடுதான் பார்க்கும். ஜெர்மன் சரக்கு எதில் எவ்வளவு, ரோமில் இருந்த ஜெர்மன் அதிகாரிகள் என்ன முணுமுணுத்தார்கள் என்பதற்கு மட்டும் போங்கள்.

ஆக என் வரிசை: ரோம், பிறகு கியூ, தேவைப்பட்டால் ஃப்ரைபுர்க். பெயர், நாள், இழப்பு ஆகியவற்றை இத்தாலியத் தொகுதியில் உறுதி செய்துகொண்டு கியூவுக்குப் போனால், ஆயிரக்கணக்கான தாள்களில் எந்த மூன்று நாட்களைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும். நேரத்தைக் குறிக்கும்போது அது யாருடைய கடிகாரம் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஒரே ஒரு தேடலுக்கு இந்த மூன்றும் போதாது. திரும்பி வரும் கப்பல்கள் எல்லாமே காலியாக வரவில்லை, சில போர்க்கைதிகளை ஏற்றி வந்தன. 1942 அக்டோபர் 9 அன்று பலெர்மோ அருகே அன்ரஃபிள்ட் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி லொரேட்டோ என்ற கப்பலை அடித்தது. உள்ளே இருந்தவர்கள் பிரிட்டிஷ் இந்தியப் படையின் கைதிகள், நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரிஸ்கோப்பில் தெரிந்தது ஒரு சரக்குக் கப்பல் மட்டும். அந்த ஆட்களின் பெயர்களுக்குக் கப்பல் காகிதங்களை விட்டுவிட்டு, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் அந்தத் தேதியை வைத்துத் தேட வேண்டும்.