எல்விஎம்முக்கு மாறி நாலு வருஷம்

டெபியன் லினக்ஸை நிறுவும்போதே எல்விஎம் வேண்டுமா என்று கேட்டது. டிஸ்க்கை நிலையான பாகங்களாக வெட்டாமல், பிறகு கூட்டிக் குறைக்கக்கூடிய வால்யூம்களாகப் பிரித்துத் தரும் ஏற்பாடு அது. வீட்டு மெஷினுக்கு எதற்கு இந்த வம்பு என்று தாண்டிப் போய்விட்டேன். இரண்டே வருஷத்தில் சிஸ்டம் இருக்கும் 20 ஜிபி ரூட் பார்ட்டிஷன் நிரம்பி, அப்கிரேட் பாதியில் நின்றது. என் ஃபைல்கள் இருக்கும் பக்கத்து ஹோமில் 90 ஜிபி சும்மா கிடக்கிறது, இந்தப் பக்கம் ஒரு எம்பி வராது.

புது எஸ்எஸ்டி வாங்கி, லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, டிஸ்க்கை எல்விஎம்மிடம் ஒப்படைக்கும் பிவிகிரியேட், அதை ஒரு குரூப்பாக்கும் விஜிகிரியேட், குரூப்பிலிருந்து வால்யூம் வெட்டும் எல்விகிரியேட் மூன்றையும் ஓட்டினேன். ஆர்சிங்க்கில் பழைய சிஸ்டத்தின் நகல், எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப்பில் திருத்தம், சிஹெச்ரூட்டால் நகலெடுத்த சிஸ்டத்துக்குள் போய் பூட்லோடரான கிரப். எல்லாம் முடிந்தது என்று ரீபூட் செய்தால், ரூட் டிவைஸையே காணோம் என்று பூட்டின் தொடக்கத்தில் ஓடும் குட்டி சிஸ்டமான இனிட்ராம்எஃப்எஸ்ஸின் ப்ராம்ப்டில் கொண்டுபோய் விட்டது. காரணம் அல்பமானது. எல்விஎம்2 பேக்கேஜ் லைவ் யூஎஸ்பியில் இருந்தது. நகலெடுத்த சிஸ்டத்தில் நான் போடவே இல்லை. வால்யூமை எழுப்பிவிட ஆளில்லை. திரும்பப் போய் அதைப் போட்டதும் இனிட்ராம்எஃப்எஸ் புதிதாகி, பூட் ஆனது.

உண்மையான தப்பு வேறு. மிச்ச இடம் மொத்தத்தையும் ஹோமுக்கே கொடுத்துவிட்டேன். நான் போட்டிருந்த இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்தை ஓடும்போதே பெரிதாக்கலாம். சுருக்க வேண்டுமென்றால் அன்மவுண்ட் செய்தாக வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் போட்டிருந்தால் அதுவும் நடக்காது. ஹோமைச் சுருக்குவதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. அதிலிருந்து குரூப்பில் 40 ஜிபியை யாருக்கும் ஒதுக்காமல் வைத்திருக்கிறேன். ரூட் நெருக்கினால் வால்யூமை நீட்டும் எல்விஎக்ஸ்டெண்டை, ஃபைல்சிஸ்டத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும் மைனஸ் ஆரோடு (-r) ஒரு தட்டு, கொஞ்ச நேரத்தில் 5 ஜிபி கூடிவிடும்.

மாறியதற்குப் பலன் கிடைத்தது போன வருஷம், இன்னும் பெரிய எஸ்எஸ்டிக்குப் போனபோதுதான். விஜிஎக்ஸ்டெண்டில் புது டிஸ்க்கைச் சேர்த்துவிட்டு பழையதில் இருப்பதைப் புதியதற்கு நகர்த்தும் பிவிமூவ் ஓடவிட்டேன். பக்கத்து விண்டோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். 60 சதவீதத்தில் கரண்ட் போனது, எனக்கு உயிரே போனது. வந்ததும் பிவிமூவ் என்று மட்டும் அடித்தேன், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

வால்யூமின் அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டைப் பற்றி அவ்வளவு உற்சாகம் இல்லை. அப்கிரேடுக்கு முன் 2 ஜிபியில் ஒன்று எடுத்தேன்; மாற்றங்கள் அதைத் தாண்டியதும் அது செல்லாக்காசு ஆனது. இருக்கும்வரை எழுதும் வேகமும் குறையும்.

கழற்றிய டிஸ்க்கையும் அதே குரூப்பில் சேர்க்கச் சொன்னான் நண்பன். ஒரே வால்யூம் இரண்டு டிஸ்க்கில் பரவிக் கிடந்தால், ஒன்று செத்தாலும் வால்யூம் போனதுதான். அதனால் அது இப்போது யூஎஸ்பி பெட்டிக்குள் பேக்கப் டிஸ்க்காக இருக்கிறது.