இரட்டைப் பட்டன் டாய்லெட்: சில வருடம் புழங்கிய பிறகு

எங்கள் வீட்டு டாய்லெட்டில் சின்னப் பட்டனுக்கு 3 லிட்டர், பெரிய பட்டனுக்கு 6 லிட்டர். இதற்கு முன்பிருந்த பழைய டேங்க் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 13 லிட்டரைக் கொட்டும். தண்ணீர் மிச்சமாகிறதா என்றால், ஆகிறது. மறுபடி இதையே வாங்குவேன். ஆனால் தினமும் படுத்துகிற சில விஷயங்களை விற்கிறவர்கள் வாயே திறப்பதில்லை.

முதல் தொல்லை இரண்டாவது ஃபிளஷ். சின்னப் பட்டனை அமுக்கினால் காகிதத் துண்டு ஒன்று போகாமல் மிதந்துகொண்டிருக்கும். மறுபடி அமுக்கினால் 6 லிட்டர் ஆயிற்று. பெரிய பட்டனை இரண்டு முறை அமுக்கினால் 12 லிட்டர். பழைய டேங்குக்கும் இதற்கும் அப்புறம் என்ன வித்தியாசம்? அமெரிக்காவில் 1992-ல் வந்த சட்டம் வீட்டு டாய்லெட்டுகளுக்கு 6 லிட்டர் வரம்பு வைத்தபோதும் இதேதான் நடந்தது. பல கம்பெனிகள் கோப்பையின் வடிவத்தைப் பெரிதாக மாற்றாமல் தண்ணீரை மட்டும் குறைத்தன. பிறகுதான் மலத்துக்குப் பதிலாக அரைத்த சோயா விழுதைக் கோப்பையில் போட்டு, ஒரே ஃபிளஷில் எத்தனை கிராம் போகிறது என்று பார்க்கும் ‘மேப்’ சோதனை வந்தது. அங்கே தண்ணீர் சேமிப்பு முத்திரை வாங்க, 4.8 லிட்டருக்குள் குறைந்தது 350 கிராமாவது போக வேண்டும். என்னைக் கேட்டால், வாங்கும்போது லிட்டரை விட இந்தக் கிராம் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது கறை. எங்களுடைய மாதிரி கோப்பைகளில் அடியில் நிற்கும் தண்ணீரின் பரப்பு ரொம்பச் சின்னது. ஈரமில்லாத பீங்கானில் மலம் விழுந்து ஒட்டிக்கொள்கிறது. பிரஷ் போட வேண்டும், பிரஷைக் கழுவ இன்னொரு ஃபிளஷ் வேண்டும். உட்காரும் முன் பின்பக்கச் சுவரில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டால் பாதி வேலை குறைகிறது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என்னை உண்மையிலேயே கோபப்படுத்துவது கசிவு. பிரிட்டனில் இருந்த பழைய சைஃபன் டேங்கில், தண்ணீர் மேலே ஏறி வளைவைத் தாண்டினால்தான் கீழே இறங்கும். அதனால் அந்த வழியாகச் சும்மா கசியாது. பட்டன் டேங்கிலோ எல்லாமே அடியில் இருக்கும் ஒரு ரப்பர் வாஷரை நம்பி நிற்கிறது. அதன் மேல் உப்பு படிந்தாலோ மணல் துகள் சிக்கினாலோ வால்வு சரியாக மூடாது. தண்ணீர் கோப்பையின் பின்பக்கம் நூல் போல, சத்தமே இல்லாமல் வழியும். நாள் முழுக்க ஓடினால், பட்டனை அளந்து அமுக்கிச் சேர்த்த மிச்சமெல்லாம் போய்விடும். ராத்திரி யாருமே போகாதபோது டேங்க் தானாக நிரம்பும் சத்தம் கேட்டால் சந்தேகப்படுங்கள். டேங்க் தண்ணீரில் கொஞ்சம் உணவு நிறம் கலந்துவிட்டு, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் பாருங்கள். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் கசிவு உறுதி. பெரும்பாலும் வாஷரைக் கழற்றித் துடைத்தாலே சரியாகிவிடும், இல்லாவிட்டால் புதிது மாற்ற வேண்டும். டேங்குக்குள் போடும் குளோரின் மாத்திரைகளைத் தவிர்த்துவிடுங்கள், அவை ரப்பரை அரித்துவிடும்.

பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கழிவுக் குழாய் நீளமாகவும் சரிவு குறைவாகவும் இருக்கும் வீடுகளில், குறைந்த தண்ணீர் கழிவைக் கடைசிவரை தள்ளாமல் வழியிலேயே விட்டுவிடலாம். ஈரத் துடைப்புத் தாள்களை (வெட் வைப்ஸ்) போட்டால் அடைப்பு சீக்கிரம் வரும்.

இப்போது ஒருவர் புதிதாக வாங்குவதாக இருந்தால், அந்த மாடலின் வாஷர் தனியாகக் கிடைக்குமா என்றும் கட்டாயம் கேட்கச் சொல்வேன். டேங்கைச் சுவருக்குள் புதைக்கும் மாடல் பார்க்க அழகுதான். ஆனால் கசிந்தால் பட்டன் இருக்கும் அந்தச் சின்ன ஓட்டை வழியாகக் கையை விட்டுத்தான் வால்வை எடுக்க வேண்டும். மூடியைத் தூக்கினால் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சாதாரண டேங்கே எனக்குப் போதும்.